திரும்பி வந்தால்தான் ரெய்டு: கேள்வி பதில்

மன்னார்குடி வட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். அறுவடை முடிந்த வயல்களில் நடக்கும் கபடிப் போட்டிகளுக்கு நடுவராக விசில் ஊதிய காலமும் ஏறக்குறைய அவ்வளவே. அதனால் ‘ரெய்டு’ பற்றி யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். அந்த ‘எதை வேண்டுமானாலும்’ என்பதை நான் சேர்த்திருக்கக் கூடாது.

பாபநாசம் வாசகர்: வெட்சி என்பது மாடு திருடுவதுதானே, ஐயா? அதற்கு எதற்கு இலக்கணம்?

களவு என்ற சொல்லைத் தொல்காப்பியமே மறைக்காமல் ஆள்கிறது. வேந்தன் அனுப்பிய வீரர்கள் வேற்று நாட்டுக்குள் களவாகப் புகுந்து, ஆநிரையைக் கொண்டுவந்து பாதுகாப்பதே வெட்சி. வேந்தன் அனுப்பியது என்பதாலும், கொண்டுவந்ததைக் காக்க வேண்டும் என்பதாலும் அது வெறும் திருட்டிலிருந்து வேறுபடுகிறது.

வெட்சிக்குச் சொல்லப்படும் பதினான்கு துறைகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். படை புறப்படும் ஆரவாரம், விரிச்சி என்னும் நற்சொல் கேட்டல், பகைவர் அறியாமல் செல்லுதல், ஒற்றரின் உளவு, ஊரைச் சூழ்ந்து தங்குதல், ஊரை அழித்தல் ஆகிய ஆறும் கடந்த பிறகே, ஏழாவதாக, மாட்டைப் பிடிக்கும் ‘ஆகோள்’ வருகிறது. மீதி ஏழும் திரும்பும் வழியையும் திரும்பிய பின் நடப்பதையும் பற்றியவை. துரத்தி வருபவரைத் தடுக்கும் பூசல்மாற்று, மாடுகளுக்கு நோவு வராமல் ஓட்டிவரும் ‘நோயின்று உய்த்தல்’, என்ன ஆனார்களோ என்று ஊரார் பேசிக்கொண்டிருக்கும்போது வந்து நிற்கும் ‘நுவலுழித் தோற்றம்’, கொண்டுவந்து நிறுத்தும் தந்துநிறை, பங்கிடும் பாதீடு, உண்டாட்டு, கொடை என்று அவை செல்கின்றன. பிடிப்பது நடுவில் ஒரு துறை. திரும்புவதற்கும் அதன் பிறகுக்கும் ஏழு துறைகள்.

திரும்பாதவர்களுக்குக் கல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல்லில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்ற சொற்கள் அப்படியே வெட்டப்பட்டிருக்கின்றன. இலக்கணத்தின் கலைச்சொல் ஒன்று, ஊரார் நட்ட கல்லிலும் இருக்கிறது.

கரந்தை வாசகர்: எங்கள் ஊர்ப் பெயர் கரந்தைத் திணையிலிருந்து வந்ததா?

கரந்தை என்பது கவர்ந்த ஆநிரையை மீட்பது. உங்கள் ஊரின் முழுப்பெயர் கரந்தட்டாங்குடி. 1911இல் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர் என்ற பெருமை உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது.

கும்பகோணம் வாசகர்: வருமான வரி ரெய்டு வந்தால் எதை எடுத்துச் செல்லலாம்?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: இராசேந்திரன் கடாரம் கொண்டது நாடு பிடித்த போரா, ரெய்டா?

கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. என் கருத்தில் அதைக் கொண்டது மாபெரும் கடல் ரெய்டு. 1025ஐ ஒட்டி நடந்த அந்தப் படையெடுப்பை, பல கலங்களை அலைகடல் நடுவே செலுத்தியதாக, அரசன் புகழைக் கல்வெட்டில் சொல்லும் மெய்க்கீர்த்தி பாடுகிறது. கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததையும், அவன் நகர வாயிலின் விச்சாதிரத் தோரணம் என்னும் அலங்கார வளைவைக் கைப்பற்றியதையும், வரிசையாகப் பல ஊர்களின் பெயர்களையும் அது சொல்கிறது. அந்த ஊர்களைச் சோழர் அதிகாரிகள் தொடர்ந்து ஆண்டதற்கான தடயம் கிடைக்கவில்லை. ஈழத்தில் நிலைமை வேறு. பொலன்னறுவைக்குச் சனநாத மங்கலம் என்று பெயரிட்டு, 1070 வரை சோழர் அங்கே உட்கார்ந்து ஆண்டார்கள்.

உங்கள் ஊரே இதற்குச் சாட்சி. முதற் குலோத்துங்கன் காலத்து 1090ஆம் ஆண்டின் சிறிய லெய்டன் செப்பேட்டில், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து நாகப்பட்டினத்துப் புத்த விகாரங்களுக்குரிய ஊர்கள் குறித்து விண்ணப்பம் செய்கிறார்கள். கைப்பற்றி வைத்திருந்த நாடாக இருந்தால், அங்கிருந்து ஓர் அரசனின் தூதர் வரவேண்டிய தேவை என்ன?

திருவாரூர் வாசகர்: மாமன்னனை ரெய்டு அடித்தவன் என்பது அவமதிப்பு. நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

அவமதிப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, தம்பி. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய், தாராசுரத்திலிருந்து வந்த சாளுக்கிய வாயிற்காவலர் சிலையின் பீடத்தருகே குனிந்து நில்லுங்கள். இராசேந்திரனின் மகன் இராசாதிராசன் ‘கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த’ துவாரபாலகர் என்று அதில் வெட்டியிருக்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒவ்வொருவரையும் விரலால் எழுத்தைக் காற்றில் தடவிப் படிக்கச் சொல்வேன். ‘எறிந்து’ என்றால் தாக்கி அழித்து. ‘கொடுவந்த’ என்றால் கொண்டுவந்த. சாளுக்கியரின் அந்தத் தலைநகரை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, வாயிற்காவலரைக் கொண்டுவந்தார்கள், கொண்டுவந்தோம் என்று கல்லிலும் எழுதினார்கள். அவர்களே வெட்கப்படாததற்கு நாம் எதற்கு வெட்கப்பட வேண்டும்?

திருவாரூர் வாசகர் மீண்டும்: அப்படியானால் சோமநாதபுரத்தைத் தாக்கிய கஜினி மாமூதும் இராசேந்திரனும் ஒன்றா? இருவரும் ஒரே காலம்தானே!

ஒரே காலம் என்பது உண்மை. சோமநாதபுரத் தாக்குதல் 1025-26இல் நடந்தது. செய்முறையில் ஒற்றுமை உண்டு: தொலைவு சென்று, செல்வம் குவிந்த இடத்தை அடித்து, தங்காமல் திரும்புவது. நோக்கம், விளைவு, பின்னாளில் ஊட்டப்பட்ட நினைவு ஆகியவை வேறு வேறு. ரெய்டு என்பது செய்முறையின் பெயர். செய்தவருக்கு நான் வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழ் அன்று.

இத்தகைய செய்திகளில் எண்களைக் கண்டால் நின்று யோசியுங்கள். 1311இல் தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் தெற்கிலிருந்து கொண்டுபோன யானைகள், கவிஞர் அமீர் குஸ்ரோவின் கணக்கில் 512, வரலாற்றாசிரியர் பரணியின் கணக்கில் 612. எழுத்தர் மாறியதும் நூறு யானைகள் கூடிவிட்டன.

சீர்காழி, பேராவூரணி, மீண்டும் திருவாரூர்: சோழர் கொள்ளைக்காரரா?

மேலே எழுதியதைப் படியுங்கள். மூன்று பேருக்கும் அதுவே பதில்.

திருவையாறு வாசகர்: எங்கள் பாட்டி ‘ஐதர் கலகம்’ என்பார். அதுவும் ரெய்டா?

1781இல் ஐதர் அலியின் படை தஞ்சைச் சீமையில் மாதக்கணக்கில் இருந்தது. கும்பினியாருக்கும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) அவர்கள் நண்பரான தஞ்சை மன்னருக்கும் இந்த நெல் கிடைக்காமல் செய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. கால்வாய்கள் சிதைந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, மனிதர்களும் கொண்டுபோகப்பட்டனர். ஒருநாள் கொள்ளை அடுத்த போகத்தில் ஆறிவிடும். நீர்ப்பாசனம் சிதைந்த டெல்டா அப்படி ஆறாது. அதனால்தான் பாட்டியின் வாய்வரை அந்தப் பெயர் வந்திருக்கிறது.

பட்டுக்கோட்டை வாசகர்: ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோமே?

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டு, அரை மணிக்குள் இருளில் மறைந்தது. சேதத்தைவிட அச்சம் பெரிது. மக்கள் நகரை விட்டே ஓடினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அதன் கதை முடிந்தது. தமிழில் மட்டும் அது இன்னும் ஓடுகிறது.

ஒரத்தநாடு வாசகர்: ஆநிரை கவர்தலிலிருந்துதான் கபடி வந்தது. ‘கை பிடி’யே கபடி. சரிதானே?

ஒலி ஒத்திருப்பது சான்று ஆகாது என்று கரந்தைக்காரருக்குச் சொன்னேன். நம் ஊரில் ஆட்டத்தின் பெயர் சடுகுடு. இன்றைய விதிகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் உருப்பெற்றவை. 1936இல் பெர்லினில் செய்துகாட்டப்பட்ட ஆட்டம், 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்க ஆட்டமானது. வெட்சிக்கும் கபடிக்கும் அமைப்பில் உறவு காணலாம். பிறப்பில் உறவு காட்ட ஆவணம் வேண்டும்.

வடுவூர் வாசகர்: பாடிப் போனவரை நான்கு பேர் அமுக்கிய பிறகு, விரல் நுனி மட்டும் நடுக்கோட்டைத் தொட்டால் புள்ளி உண்டா?

உண்டு. முப்பது விநாடிக்குள், பாட்டு அறாமல், உடலின் எந்தப் பகுதி நடுக்கோட்டைத் தொட்டாலும் போதும். அவரைத் தொட்டிருந்த அத்தனை பேரும் வெளியே. எதிர்ப்பக்கத்தில் எத்தனை பேரைத் தொட்டிருந்தாலும், திரும்பாதவரின் தொடுகைக்குக் கணக்கில்லை.

தை அறுவடை முடிந்த வயலில் நடந்த ஓர் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. சுண்ணாம்புத் தூளால் போட்ட நடுக்கோடு கால்பட்டு அழிந்து, பாதி மண்ணாகக் கிடந்தது. மூவர் அமுக்கக் குப்புறக் கிடந்த பையன் கையை நீட்டியிருந்தான். தொட்டான் என்று ஒரு பக்கமும் தொடவில்லை என்று மறுபக்கமும் கத்தின. நான் மண்டியிட்டு அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். நடுவிரல் நுனியில் வெள்ளை ஒட்டியிருந்தது. மூவரையும் வெளியே அனுப்பினேன்.

அது முந்தின ரெய்டில் ஒட்டிய சுண்ணாம்பாகவும் இருக்கலாமே என்று தோற்ற அணியின் தலைவன் கேட்டான். அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.