பாலை மறந்தால் மறதி நோயா?

“அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதா, டாக்டர்?” என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அடுப்பில் வைத்த பால், தவறவிட்ட மகளின் கல்லூரிக் கட்டணத் தேதி, போடாமல் விட்ட சர்க்கரை மாத்திரை, சாவி, தொண்டை வரை வந்து நின்றுவிடும் பெயர்கள் என்று மீதி இரண்டு பக்கமும் இந்தப் பயத்துக்கு நீங்கள் சேர்த்த சாட்சிகள்தான். சாவியையும் பெயர்களையும் விட்டுவிடுங்கள். 54 வயதில் அவை எல்லோருக்கும் நடப்பவை. உங்கள் அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் வந்தது 78 வயதில். அந்த வயதில் வரும் அல்சைமர் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம். வந்தே தீரும் என்பதில்லை.

பால் அடிப்பிடித்த வாசனை வந்ததும் “ஐயோ, பால் வைத்தேனே!” என்று ஓடியதாக எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியம். பின்னால் செய்ய வேண்டியதை நினைவில் வைத்துச் செய்து முடிக்க மூளையில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதைப் பதித்துவைக்க, காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும். வேறு வேலையில் மூழ்கியிருக்கும்போது, உரிய நேரத்தில் அந்த எண்ணத்தை மேலே கொண்டுவர, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி வேண்டும். அல்சைமர் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும். உங்களுக்குப் பதிவு அப்படியே இருக்கிறது. வாசனை பட்டதும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. தவறியது இரண்டாவது வேலை. தூக்கம் கெட்டாலும், கவலை அரித்தாலும், நடுவில் யாராவது கூப்பிட்டாலும் முதலில் தடுமாறுவது அதுதான். பாலை வைத்த கையோடு தொலைபேசியை எடுத்துப் பேசியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

தேர்ந்த விமானிகளுக்கும் இது நேரும். 1987-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு விமானம், மேலெழ உதவும் இறக்கை மடிப்புகளைப் புறப்படுவதற்கு முன் விரிக்காமலே ஓடுபாதையில் கிளம்பி விழுந்து 156 பேர் இறந்தார்கள். சரிபார்ப்புப் பட்டியலை விமானிகள் படிக்காமல் விட்டதே காரணம் என்று விசாரணையில் முடிவானது. அவர்களுக்கு மறதி நோய் இல்லை.

நான் பயப்படும் அறிகுறி ஒன்று உண்டு. அதை உங்கள் கணவரிடம் கேளுங்கள். உங்களுக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டாம். “வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போக வேண்டும் என்று பேசினோமே” என்று அவர் சொன்னால், “ஆமாம், மறந்தே போய்விட்டது” என்கிறீர்களா, “நாம் எப்போது பேசினோம்?” என்கிறீர்களா? முதல் பதிலுக்குக் கவலை வேண்டாம். எடுத்துச் சொன்ன பிறகும் அப்படி ஒரு பேச்சே நடந்ததாக நினைவு வராமல் போவதும், அது திரும்பத் திரும்ப நடப்பதும்தான் எச்சரிக்கை. இப்படி வருபவர்கள் பெரும்பாலும் தாங்களாகக் கடிதம் எழுதுவதில்லை, வீட்டார்தான் அழைத்து வருகிறார்கள். நீங்கள் இரண்டாவது பதிலையே சொல்வதாகக் கணவர் சொன்னால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். இன்று காலை வரை நன்றாக இருந்தவர் மதியம் திடீரென்று குழம்பினால், அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி ‘ஆரம்ப நிலை’ என்று முடிவு வாங்கியதையும், அதை நம்பி ஞாபகசக்தி கேப்ஸ்யூல் வாங்கியதையும் படித்து எனக்குக் கோபமே வந்தது. அதைவிடக் கோபம், நாத்தனாரின் தூக்க மாத்திரையை ஆறு மாதமாக விழுங்குவது! அதில் உள்ள அல்பிரசோலம் நினைவு பதிவதையே கெடுக்கும். தினமும் இரவில் போடும் சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமினும் மூளையை மந்தமாக்கும். மறதிக்குப் பயந்து தூக்கம் கெட்டு, தூக்கத்துக்காக மறதியைக் கூட்டும் மருந்தை எடுக்கிறீர்கள்.

இப்போதைக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம். வைட்டமின் பி12, தைராய்டு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஆகிய மூன்றையும் பாருங்கள். சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். அதனாலும் மறதி வரும், சரிசெய்யவும் முடியும்.

மாத்திரையை மறப்பதைவிட, போட்டோமா என்று தெரியாமல் மறுபடி போடுவது ஆபத்து. சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடு இரட்டிப்பானால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். பெட்டியில் அந்தக் கிழமையின் அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. ‘எட்டு மணிக்கு’ என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தை நம்பும் நினைவுதான் அதிகம் தவறும். ‘தோசைக்கல்லை அடுப்பில் வைத்ததும் மாத்திரைப் பெட்டியைத் திறப்பேன்’ என்று ஒரு செயலோடு கட்டிவையுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டிய இந்த முறை நன்றாகவே பலன் தருகிறது.

ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டு இன்றிரவே தூக்க மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் எடுத்ததைச் சட்டென்று விட்டால் படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். போடுகிற மாத்திரைகள் அத்தனையையும், அந்தக் கேப்ஸ்யூல் உட்பட, ஒரு பையில் போட்டு உங்கள் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அளவை அவர் படிப்படியாகக் குறைப்பார்.