லாரி ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: பேரணாம்பட்டில் சொந்தமாக ஆறு சக்கர லாரி வைத்து ஓட்டுகிறேன். தேங்காய் லோடுடன் வி.கோட்டா மலைப்பாதையில் ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்குகிறது, சமதரைக்கு வந்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால் துருக்கலரில் தண்ணீர். பழையதை இறக்கிக் கழுவிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்யலாமா? வீட்டுப் போர் தண்ணீர் போதுமா? பாத்ரூம் ஆசிட் கொஞ்சம் ஊற்றினால் சீக்கிரம் சுத்தமாகும் என்கிறார்களே, சரியா?

பதில்: வாசலிலேயே செய்யலாம், அரை நாள் வேலை. ஆசிட் கூடவே கூடாது. போர் தண்ணீர் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். லிட்டருக்குக் குளோரைடு 250 மில்லிகிராம், கரைந்த உப்பு மொத்தம் 500, கடினத்தன்மை 200 வரை இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம். கூலன்ட்டுடன் கலக்கும் தண்ணீருக்கோ குளோரைடு 40, மொத்த உப்பு 340, கடினத்தன்மை 170 தான் எல்லை. மனிதன் குடிக்கும் தண்ணீரையே இஞ்சின் ஏற்காது என்றுதான் இதற்கு அர்த்தம். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோலைப் பதப்படுத்துவதற்கு முன் கெடாமல் வைக்க உப்புப் போட்டே வைப்பார்கள்; அந்த உப்பு கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விவகாரம் இது. குளோரைடு அலுமினியத்தில் ஊசி குத்தியது போலப் பொத்தல் போடும். கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு இஞ்சினுக்குள் சிலிண்டரைச் சுற்றியும் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு தண்ணீருக்கு இறங்காது. சமதரையில் இது தெரியாது, லோடோடு மலை ஏறும்போதுதான் தெரியும்.

அதனால் கடைசியாக உள்ளே தங்கப்போகும் தண்ணீர், மினரல் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும். பேட்டரிக் கடையில் கேனாகவே கிடைக்கும். பழையதைக் கழுவித் தள்ளும் சுற்றுகளுக்கு அது வேண்டாம், செலவு தாங்காது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருந்தால் அந்தத் தண்ணீர் போதும். அதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரில் கழுவலாம், ஆனால் கடைசி இரண்டு சுற்று கேன் தண்ணீரிலேயே ஓட வேண்டும்.

ஆசிட் விஷயம். பாத்ரூம் ஆசிட் என்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைக்கும்தான், அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். சிலர் சலவை சோடா போடச் சொல்வார்கள். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் காலத்துப் பழக்கம் அது. அலுமினியத்துக்குக் காரமும் எதிரிதான். கூலிங் சிஸ்டத்துக்கென்றே விற்கும் சிட்ரிக் அமில வகைக் கிளீனரை வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கும் நேரத்துக்கும் மேல் போகாமல் பயன்படுத்துங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் வெளிப்புறத்தையும் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் முகத்தில் தேங்காய் நார், தூசி, பூச்சி அடைத்திருந்தால் உள்ளே எவ்வளவு கழுவினாலும் முள் இறங்காது. ஃபேன் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடிக்க வேண்டும். அழுத்தமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக்கொள்ளும். ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், ஃபேன் கிளட்ச் இரண்டையும் அப்போதே பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் இரவு நிறுத்திய வண்டியை விடிகாலையில் தொடுவது நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் அது நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது, மூடி கழன்ற நொடியில் எல்லாம் ஆவியாகப் பொங்கும்.

மூடியைக் கழற்றி, அடியில் அகலமான தொட்டி வைத்து, ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்துவிடுங்கள். அப்புறம் இஞ்சின் பிளாக்கில் இருக்கும் டிரைன் பிளக். முக்கால்வாசிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், துருப்பிடித்து இறுகியிருக்கும் என்பதால். கழன்றால் நல்லது, கழலவில்லை என்றால் பலம் போட்டு உடைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இரண்டையும் மூடி, தண்ணீர் நிரப்பி, கிளீனரைச் சேர்த்து இஞ்சினை ஓட விடுங்கள். கேபினில் ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திருப்பி வையுங்கள். மேல் ஹோஸ் தொட முடியாத அளவுக்குச் சூடேறினால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்துவிட்டது, தண்ணீர் ரேடியேட்டர் வழியாகச் சுற்றுகிறது. டப்பாவில் சொன்ன நேரம் ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு இறக்குங்கள். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும், அவசரம் வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள், வெளியே வருவது தெளிகிற வரைக்கும். துருக்கலர் என்பதால் எத்தனை தடவை என்று இப்போதே சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் வண்டி சூடானாலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் இஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரத் தாமதமாகும். டீசலும் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. கழற்றிவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், வண்டி இன்னும் சூடாகும். சந்தேகமிருந்தால் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சுட வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் சூட்டுக்கு அருகில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதுசு மாட்டுங்கள்.

இப்போது அந்தக் கணக்கு. உங்கள் வண்டியின் மொத்தக் கொள்ளளவு 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம் (சரியான அளவு கைப்புத்தகத்தில் இருக்கும்). பிளாக் பிளக் கழலாததால் உள்ளே 4 லிட்டர் தண்ணீர் தங்கிவிட்டது. நீங்கள் கடையில் ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்ட்டை 8 லிட்டர் ஊற்றினால், அதில் கூலன்ட் 4 லிட்டர்தான். 12-க்கு 4, மூன்றில் ஒரு பங்கு. துருத் தடுப்பு மருந்தும் அந்த அளவுக்குக் குறைந்துபோகும். அதனால் கலக்காத கூலன்ட்டை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் பாதியை, அதாவது 6 லிட்டரை முதலில் ஊற்றுங்கள். மீதி இடத்தைக் கேன் தண்ணீரால் நிரப்புங்கள். கூலன்ட் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே என்று முழுக்க அதையே ஊற்றுவதும் தப்பு. கூலன்ட்டின் முக்கியச் சரக்கான எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும்.

கலரைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் சாயம். கைப்புத்தகம் கேட்கும் தரம் டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக, உங்கள் இஞ்சினில் தண்ணீர் நேரடியாகத் தொடும் ஈர லைனர் (சிலிண்டரின் உள் உறை) இருந்தால் கனரக டீசலுக்கான கூலன்ட்தான் வேண்டும். லைனர் அதிரும்போது உண்டாகி உடையும் குமிழ்கள் இரும்பையே குடைந்துவிடும், கார் கூலன்ட் அதைத் தாங்காமல் போகலாம்.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வழிந்ததும் மூடுங்கள். ஐடிலில் ஓடும்போது தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் இறங்கும். மூடி போடாத நிலையில் இருந்தால் அப்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்பி மூடலாம். மூடி போட்டுவிட்டால் ஆறும் வரை திறக்கக் கூடாது. காற்று அடைத்துக்கொண்டால் ஆபத்து என்னவென்றால், சென்சார் காற்றுக்குள் மாட்டிக்கொண்டு, உள்ளே கொதித்தாலும் முள் கீழேயே நிற்கலாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையும் மாற்றுங்கள். இஞ்சின் ஆறிய பிறகு ஹோஸ் சப்பிக் கிடந்தால் மூடியின் உள் வால்வைச் சந்தேகப்படலாம்.

இறக்கிய பழைய கூலன்ட் இனிக்கும். நாய், ஆடு குடித்தால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும், குழந்தைகளுக்கும் அதே விஷம். தொட்டியைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாமல் மூடியுள்ள கேனில் பெயர் எழுதி வைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.

முதல் மலை லோடு போய்வந்த மறுநாள் காலை, ஆறிய இஞ்சினில் மட்டத்தைப் பாருங்கள், கிளிப்புகளை இறுக்குங்கள். ஒரு தடவை கொஞ்சம் இறங்குவது சகஜம், மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கும். ஒழுக்கே இல்லாமல் தொடர்ந்து இறங்கினாலோ, இஞ்சின் ஓடும்போது ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழ் வந்தாலோ, கூலன்ட் மேல் எண்ணெய் மிதந்தாலோ அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோதான். அதை வாசலில் வைத்துப் பார்க்க வேண்டாம், லோடு ஏற்றாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.