டிரைவரை எடுத்தாலே ஸ்லைஸ்: வீடியோவை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. எட்டு மாதமாக யூடியூப் பார்த்தே கோல்ஃப் பழகுகிறேன். வலது கைப் பழக்கம். 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை) ஓரளவு நேராகப் போகிறது. டிரைவரை (அதிகத் தூரம் அடிப்பதற்கான நீளமான கிளப்) எடுத்தால் பந்து வலப்பக்கம் வளைந்து காணாமல் போகிறது. ஒருவர் இடுப்பைத் திருப்பு என்கிறார், இன்னொருவர் இடது கையை மடக்காதே என்கிறார். எல்லாம் செய்து பார்த்து இன்னும் மோசமானதுதான் மிச்சம். வீடியோவை விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் அடுத்த பத்து நாளைக்கு உங்கள் வீடியோவை மட்டும் பாருங்கள். யூடியூபில் பேசுகிறவர் நீங்கள் ஆடுவதைப் பார்த்ததில்லை. இடுப்பு அசையாதவருக்குச் சொன்னதை, ஏற்கெனவே தேவைக்கு மேல் திருப்புகிறவர் செய்தால் உள்ளதும் கெடும். அதிலும், மேலே போன கிளப் பந்துக்கு இறங்கி வர ஏறக்குறைய கால் விநாடிதான். அதற்குள் நான்கு பேருடைய அறிவுரை நினைவுக்கு வருமா?

உங்கள் ஸ்லைஸுக்கு, அதாவது பந்து வலப்பக்கம் வளைவதற்கு, வருவோம். பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பது பெரும்பாலும் அடிபடும் கணத்தில் கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) பார்க்கும் திசையைப் பொறுத்தது. அப்புறம் அது வளைவது, முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். பாதையை விட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். 7 அயர்னிலும் இதே தப்பு இருக்கக்கூடும். அதன் முகம் நன்றாகச் சாய்ந்திருப்பதால் வளைவு குறைவாகத் தெரியும், டிரைவர் காட்டிக்கொடுத்துவிடும். வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நின்று அடிக்கிறீர்களா? பலரும் செய்வதுதான். பாதை இன்னும் இடப்பக்கம் போகும், முகம் திறந்தபடியே இருக்கும், வளைவு கூடும்.

முதலில் ஒரு சோதனை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வைத்து, அது கிளப் பக்கம் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணி) வைத்து அடியுங்கள். புள்ளி டிரைவரின் முகத்தில் ஒட்டும். துடைத்துவிட்டு பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். புள்ளிகள் ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) பக்கமாகவே விழுந்தால், அந்த அடியே பந்தை வலப்பக்கம் சுழற்றும். அப்படியானால் ஸ்விங்கைத் தொடாதீர்கள். பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்களா என்று பாருங்கள்.

புள்ளி நடுவில் விழுந்தும் பந்து வளைகிறதா? கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை, பாருங்கள். கிளப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தால் இடது கையில் இரண்டு, மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் கையைக் கொஞ்சம் வலப்பக்கம் உருட்டிப் பிடியுங்கள். முதல் பக்கெட் பந்துகள் முழுக்க யாரோ ஒருவர் கையைக் கடன் வாங்கியது மாதிரி இருக்கும். சில பந்துகள் இடப்பக்கம் பறக்கும். பறக்கட்டும், முகம் மூடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

படம் எடுக்கும்போது போனை உங்கள் வலப்பக்கத்தில் தள்ளி, இலக்கை நோக்கி, கைகள் இருக்கும் உயரத்தில், கைகளுக்கு நேராக வையுங்கள். ஓர் அடி தள்ளி வைத்தாலே நல்ல பாதையும் கோணலாகத் தெரியும். விநாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் அதில் எடுங்கள்.

ஸ்விங் அழகாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அமெரிக்கத் தொழில்முறை வீரர் ஜிம் ஃப்யூரிக் கிளப்பை மேலே கொண்டுபோய் வட்டம் போட்டு இறக்குவார். எந்த வீடியோவும் அப்படிச் சொல்லித்தராது. அவர்தான் 2003 யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார், 2016இல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஒரே சுற்றை வெறும் 58 ஷாட்டில் முடித்தார்.

கிரிப்பை மாற்றி மூன்று வாரமாகியும் வளைகிறது என்றால், ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி ஒரு புரோவிடம் (தொழில்முறைப் பயிற்சியாளர்) போங்கள். போனில் உள்ள படத்தையும் புள்ளிகள் விழுந்த முகத்தின் போட்டோவையும் காட்டி, “முகமா, பாதையா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை வைத்து யூடியூபில் தேடுங்கள்.