சைட் ஸ்க்ரூ உடைந்தால் இன்னும் இறுக்கமாக முறுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். ரேஞ்சில் பயிற்சிக்காக வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டலில் ரெட் டாட் சைட்டை (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) நானே பொருத்தினேன். சுமார் 400 ரவுண்டு சுட்டதும் ஒரு ஸ்க்ரூவின் தலை துண்டாகிவிட்டது. அடுத்த முறை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். உடைந்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போடும் முன் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கழுத்து மெலிந்து, முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தால் பொருத்தும்போதே அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறீர்கள். உடைந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது உலோகச் சோர்வு. ஸ்க்ரூ லூசாகி, ஒவ்வொரு வெடிக்கும் ஆடி ஆடி, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. 400 ரவுண்டு தாங்கியதைப் பார்த்தால் இதற்கே வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு (சைட் உட்கார்ந்திருக்கும் பிஸ்டலின் மேல்பாகம்) பின்னால் போய் இடித்து நிற்கிறது; உடனே முன்னால் வந்தும் இடிக்கிறது. டிரிஜிகான் ஆர்எம்ஆர் போன்ற சைட் சுமார் 34 கிராம்தான். ஆனாலும் ஒவ்வொரு இடிக்கும் அது நகரப் பார்க்கும். அந்த இடியை வாங்க வேண்டியது பிளேட்டில் (ஸ்லைடுக்கும் சைட்டுக்கும் நடுவில் வரும் தகடு) எழும்பி நிற்கும் குமிழ்கள். அவை சைட்டின் அடியிலுள்ள குழிகளில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்க்ரூவின் வேலை சைட்டை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. எனவே முதலில் ஸ்க்ரூ போடாமல் சைட்டைப் பிளேட்டில் வைத்து, விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஆடினால் வேறு பிளேட் வாங்குங்கள். ஆடும் பிளேட்டில் எந்த ஸ்க்ரூவும் நிலைக்காது.

அடுத்தது ஸ்க்ரூவின் நீளம். குட்டையாக இருந்தால் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து, பிய்ந்து வந்துவிடும். நீளமாக இருந்தால் துளையின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு டைட்டாகத் தெரியும், சைட்டை அழுத்தியிருக்காது. க்ளாக் எம்ஓஎஸ் மாடலில் (சைட் பொருத்துவதற்கென்றே ஸ்லைடு வெட்டப்பட்ட க்ளாக் பிஸ்டல்) வலப்பக்க ஸ்க்ரூ நீண்டால், சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் பாகத்தையே உள்ளே அழுத்திவிடும்.

சரி, பொருத்தும் முறைக்கு வருவோம். பிஸ்டலைக் காலி செய்து, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது. ஸ்க்ரூ மரையையும் துளையையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ லூசாகாமல் பிடிக்கும் பசை) பிடிக்காது. நீல த்ரெட்லாக்கர் மரையில் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டவே வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், அந்தச் சூடு சைட்டின் எலக்ட்ரானிக்ஸைக் கெடுத்துவிடும்.

கை உணர்வை நம்பாதீர்கள். முறுக்கும் விசையை இன்ச்-பவுண்டு அளவில் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் அவசியம். ஆர்எம்ஆருக்கு 12 இன்ச்-பவுண்டு. உங்கள் சைட்டின் அளவு அதன் கையேட்டில் இருக்கும். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். புது ஸ்க்ரூக்களையே போடுங்கள், உடையாத பழையதும் வேண்டாம். அதுவும் அதே அடியைத்தான் வாங்கியிருக்கிறது. அப்புறம் 24 மணி நேரம் தொடக் கூடாது.

ஸ்க்ரூ தலையிலிருந்து சைட்டின் உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுங்கள். ரேஞ்சுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அதைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அப்படியே மேலும் இறுக்கிவிடாதீர்கள். காய்ந்த த்ரெட்லாக்கர் அதில் உடைந்துபோகும். முழுதாகக் கழற்றி, துடைத்து, முதலிலிருந்து செய்யுங்கள்.

துளைக்குள் சிக்கிய துண்டு, தலை போனதால் அழுத்தம் இல்லாமல் பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். கூர்முனை ஊசியால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தள்ளினால் சுழன்று வரலாம். வராவிட்டால் துளையிட முயலாமல் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்துவிடுங்கள்.