மை, இருட்டு, துப்பாக்கி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வகை கேமைப் பற்றித்தான். டூம் என்ற பழைய கேமின் பாணியில் துப்பாக்கியை முன்னால் நீட்டியபடி நாமே நடந்துபோகும் திகில் ஷூட்டர். ஆனால் சுவர், கதவு, பூதம், துப்பாக்கி எல்லாமே கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், மருந்துக்கும் கலர் கிடையாது. பத்திரிகைகளுக்கு மையில் படம் போட்டே காலத்தை ஓட்டியவன், ராத்திரியில் கேம் விளையாடுகிறவன் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என் தலையில் கட்டிவிட்டார். சரி, ஆரம்பிக்கலாம்.

கேள்வி: இந்தக் காலத்தில் போய்க் கறுப்பு வெள்ளையில் கேம் செய்வது, காசை மிச்சம் பிடிக்கத்தானே?

காசு மிச்சமாவது உண்மைதான், அதை மறைப்பானேன்? ஒருவரோ இருவரோ சேர்ந்து செய்யும் கேமில் வண்ணம் தீட்டும் வேலை இல்லையென்றால் நிறைய நேரம் மிஞ்சும். ஆனால் மிஞ்சிய நேரத்தை வேறொரு வேலை விழுங்கிவிடும். கலர் இருந்தால் சிவப்புப் பூதத்தைச் சாம்பல் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் போதும், கண் தானாகவே பிரித்துக்கொள்ளும். இங்கே சுவரும் கோடு, தரையும் கோடு, பூதமும் கோடு. எது எங்கே முடிகிறது என்று சொல்ல உருவத்தின் விளிம்பை விட்டால் வேறு துணை இல்லை. ஆகவே ஒவ்வொரு பூதத்தையும் வரையும்போது ஓவியர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இது பார்த்தவுடன் கண்ணில் படவேண்டுமா, கொஞ்சம் தாமதமாகப் படவேண்டுமா? ஷூட்டர் என்ற வகை "காட்டு" என்கிறது, திகில் என்ற வகை "மறை" என்கிறது. இந்த இழுபறிதான் எனக்கு இந்த கேம்களில் பிடித்த விஷயம். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் இங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கையில் துப்பாக்கி இருக்கும்போது பயம் எப்படி வரும்? சுட்டால் விழுகிற பேய் என்ன பேய்?

நியாயமான கேள்வி. பெரும்பாலான கேம்கள் இங்கேதான் சறுக்குகின்றன. தோட்டா தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பேய் வெறும் இலக்காகிவிடுகிறது.

1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த டூமை எல்லோரும் சுடுகிற கேமாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். அதில் ஸ்பெக்டர் என்று ஒரு பூதம் உண்டு. சாதாரணப் பூதத்தின் படம்தான், ஆனால் அதற்கென்று ஒரு நிறமும் தீட்டுவதில்லை. அதன் உருவம் விழும் இடத்தில் பின்னால் இருக்கும் சுவரின் புள்ளிகளையே எடுத்து, ஒரு வரி மேலோ கீழோ நகர்த்தி, கொஞ்சம் இருட்டாக்கிப் போடுகிறது நிரல். சுவரே உருவமெடுத்து நடுங்கிக்கொண்டு உங்களை நோக்கி வருவதுபோல இருக்கும். வெளிச்சமான அறையில் அது சிரிப்புக்குரிய விஷயம். விளக்கு மினுக்கி அணையும் அறையில் நிறுத்திப் பாருங்கள், கையில் இருக்கும் துப்பாக்கியை எங்கே குறிபார்ப்பது என்றே தெரியாது. பயம் வந்தது பூதத்தின் பல்லாலோ நகத்தாலோ இல்லை, குறி தவறுவதால். கறுப்பு வெள்ளை கேம் செய்கிறவர்கள் இந்த ஒரு பூதத்தை உட்கார்ந்து படித்தாலே போதும் என்பேன்.

இன்னொன்று சத்தம். டூமில் நீங்கள் சுட்டால் அந்தச் சத்தம் திறந்திருக்கும் வழிகளில் அறை அறையாகப் பரவும், மூடிய கதவில் தடுத்து நிற்கும். சத்தம் எட்டிய அறைகளில் தூங்கும் பூதங்கள் விழித்துக்கொண்டு கிளம்பும். சிலவற்றை மட்டும் பதுங்கியிருக்கும்படி வைத்திருப்பார்கள். சத்தம் கேட்டாலும் நீங்கள் கண்ணில் படும்வரை அவை அசையாது. ஆக ஒவ்வொரு தோட்டாவும் "இங்கே இருக்கிறேன்" என்று நீங்களே கொடுக்கும் குரல். இது தெரிந்தபிறகு துப்பாக்கி தைரியம் தருமா, சொல்லுங்கள்.

2014ல் வந்த பிட்ரேயர் என்ற கேம் இன்னொரு வழியில் போனது. 1604ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஆள் இல்லாமல் கிடக்கும் ஓர் ஆங்கிலேயக் குடியேற்றம், முழுக்கக் கறுப்பு வெள்ளை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு. கையால் வரைந்தது இல்லை, ஆனால் பாடம் அங்கே இருக்கிறது. ஆயுதம் வில்லும் மஸ்கெட் என்ற பழங்காலத் துப்பாக்கியும். ஒரு குண்டு தவறினால் அடுத்ததைக் கெட்டிப்பதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவான். காற்று பலமாக வீசும்போது உங்கள் காலடிச் சத்தம் அதில் அமுங்கிப்போகும், அதனால் காற்றுக்காகக் காத்திருந்து நகர்வீர்கள். கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு காற்றுக்குக் காத்திருப்பதைவிடப் பயந்த நிலை என்ன இருக்கிறது?

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். டூமில் எதுவும் உங்களைத் தொடமுடியாத ஒரு வரம் கிடைக்கும், 30 நொடிக்கு. அப்போது திரை முழுக்க நிறம் போய், வெளிச்சமும் இருட்டும் இடம் மாறி, வெளுத்த கறுப்பு வெள்ளையாகிவிடும். அங்கே நிறம் இல்லையென்றால் பயமே இல்லை என்று பொருள்.

கேள்வி: பூதம் செத்து விழுந்தபிறகு சுற்றிச்சுற்றி வந்து பார்த்தேன். பிணம் எப்போதும் என் பக்கமே திரும்பிக் கிடக்கிறது. இது கோளாறா, பயமுறுத்துகிற உத்தியா?

இரண்டும் இல்லை தம்பி, சிக்கனம். பிறகு அதுவே உத்தியாகிவிட்டது.

இந்தப் பூதங்கள் முப்பரிமாணப் பொம்மைகள் அல்ல. ஸ்ப்ரைட் என்று சொல்லும் தட்டைப் படம், எப்போதும் உங்களைப் பார்த்தே நிற்கும். டூமில் பூதம் வேறு பக்கம் திரும்பியது தெரியவேண்டும் என்பதற்காக எட்டுத் திசைக்குப் படம் வைத்தார்கள். ஆனால் பலவற்றுக்கு வரைவது ஐந்துதான்: முன், பின், ஒரு பக்கம், நடுவே இரண்டு கோணம். மீதி மூன்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டுவிடுவார்கள். இதனால் இடது தோளில் இருக்கும் காயம் பூதம் திரும்பியதும் வலது தோளுக்குப் போய்விடும். செத்து விழும் படங்களுக்கோ திசையே கிடையாது, ஒரே ஒரு கோணம். நீங்கள் எங்கிருந்து பார்த்தாலும் அதே முகம், அதே வாய்.

கலர் கேமில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மைக்கோட்டில் வரைந்த பிணம் ஒன்று, கறுப்புத் தரையில் வெள்ளைக் கண்ணோடு, நீங்கள் நகர நகர உங்களையே பார்த்துக்கொண்டு கிடந்தால் முதுகு சிலிர்க்கத்தான் செய்யும். நான் இந்த கேம் செய்கிறவனாக இருந்தால் பிணங்களுக்குக் கண்ணைத் திறந்தே வரைவேன். அப்புறம் ஒன்றே ஒன்றை மட்டும், நிஜமாகவே சாகாததாக, நடுவே போடுவேன்.

கேள்வி: இப்படிக் கறுப்பு வெள்ளையில் நம் கண்வழியே பயமுறுத்திய முதல் கேம் எது?

முதல் என்று அடித்துச் சொல்வதெல்லாம் வம்பு. ஆனால் மூத்த தலைமுறையில் ஒன்றைக் காட்டலாம். சின்க்ளேர் ஜெட்எக்ஸ்81 என்ற சிறு கணினிக்காக மால்கம் எவன்ஸ் என்பவர் 1981ல் எழுதிய த்ரீ-டி மான்ஸ்டர் மேஸ். அந்தக் கணினிக்குக் கலரும் கிடையாது, சத்தமும் கிடையாது, சொந்த நினைவகம் 1 கிலோபைட். இந்த கேமுக்காக 16 கிலோபைட் பெட்டி ஒன்றைப் பின்னால் செருக வேண்டும். கட்டம் கட்டமான கறுப்புப் பட்டைகளால் ஆன புதிர்ப்பாதை, அதற்குள் ஒரு டைனோசர், ஓடுவதைத் தவிர உங்களுக்கு வழி இல்லை. சத்தம் இல்லாததால் திரையின் அடியில் எழுத்து வரும்: பதுங்கியிருக்கிறது, தேடுகிறது, காலடி நெருங்குகிறது, பார்த்துவிட்டது. டைனோசரைக் காண்பதற்கு முன்பே அந்த வரிகளைப் படித்துக் கையெல்லாம் வேர்த்துவிடும். துப்பாக்கி இல்லை என்பதால் ஷூட்டர் கணக்கில் சேராது, தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இந்த கேம்களில் வேகமாகத் திரும்பினால் சுவரில் புள்ளிகள் ஊர்கிற மாதிரி இருக்கிறது. என் கண்ணில் கோளாறா?

கண்ணாடி போடவேண்டிய அவசியம் இல்லை. சாம்பல் நிறமே இல்லாமல் சாம்பலைக் காட்ட, கறுப்புப் புள்ளிகளை அடர்த்தியாகவோ இடைவெளி விட்டோ தூவுவார்கள். டிதரிங் என்று பெயர். அசையாத படத்தில் அழகாக இருக்கும். நாம் திரும்பும்போது புள்ளிகள் திரையோடு ஒட்டிக்கொள்ள, படம் மட்டும் அவற்றுக்கு அடியில் நழுவும். அதுதான் ஊர்வதாகத் தெரிகிறது. 2018ல் வந்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் கேமில் அதைச் செய்த லூக்கஸ் போப் இதோடு மல்லுக்கட்டினார். புள்ளிக் கோலத்தைத் திரையில் ஒட்டாமல், பார்ப்பவரைச் சுற்றி ஒரு கோளம் இருப்பதாக வைத்து அதன் உட்புறத்தில் ஒட்டினார். தலை திரும்பும்போது புள்ளிகளும் காட்சியோடு சேர்ந்து நகர, கண் நிம்மதியடைந்தது.

பேனாக் கோடுகளால் நிழல் போடும் கேம்களுக்கு வேறு தலைவலி. கோடு சுவரிலேயே வரையப்பட்டதால் ஊராது, ஆனால் சுவர் தூரத்தில் போகப்போகக் கோடு திரையின் ஒரு புள்ளியைவிட மெல்லியதாகிவிடும். அப்போது ஒன்று மினுமினுக்கும், இல்லை குழைந்து சாம்பல் கூழாகும். 2001ல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள்: ஒரே நிழலைப் பல அளவுகளில் தனித்தனியாக வரைந்து வைத்துக்கொள்வது, தூரத்துக்கான சிறிய படத்தில் கோடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கோட்டின் கனத்தை அப்படியே விட்டுவிடுவது. ஓவியர்களுக்கு இது பழைய சங்கதி. தூரத்து மலைக்கு யாரும் இலை இலையாகக் கோடு போடுவதில்லை.

கேள்வி: என் மகள் பள்ளி நோட்டில் பேனாவால் பேய்களாக வரைந்து தள்ளுகிறாள். இவற்றை வைத்து இப்படி ஒரு கேம் செய்யவேண்டும் என்கிறாள். முடிகிற காரியமா?

முடியும் அம்மா, தாராளமாக. சுவிட்சர்லாந்தின் மிஷேல் சீக்லர் காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை ஸ்கேன் செய்து பொம்மைகள் மேல் போர்த்தி முண்டவுன் என்ற திகில் கேமை 2021ல் வெளியிட்டார். ஷூட்டர் இல்லை, ஆனால் பென்சில் போதும் என்பதற்குச் சாட்சி.

உங்கள் மகள் ஒன்றை மட்டும் முதலிலேயே கணக்குப் போடட்டும். டூமின் இம்ப் என்ற சாதாரணப் பூதத்தையே எடுத்துக்கொள்வோம். நடக்க 4 படம், தாக்க 3, அடிபட 1, ஆக எட்டு. ஒவ்வொன்றையும் ஐந்து கோணத்தில் வரைந்தால் 40. விழுந்து சாக இன்னும் 5. ஒரு பூதத்துக்குக் குறைந்தது 45 படம்! ஆர்வம் வடிந்துபோக இதைவிடச் சிறந்த வழி இல்லை. அதனால் முதல் பேய் நடக்க வேண்டாம். மிதக்கட்டும், முன்பக்கம் மட்டும் இருக்கட்டும். ஒரே படத்தை மேலே தாள் வைத்து மூன்று முறை வரைந்து, மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினால் கோடுகள் லேசாக நடுங்கும். சும்மா நின்றாலும் பேய் உயிரோடு இருக்கும்.

பால்பாயின்ட் வேண்டாம், ஸ்கேனில் சாம்பலாக வெளுக்கும். நல்ல கறுப்பு மைப் பேனாவும் ஒரு பிரஷ் பேனாவும் போதும். முதலில் பெரிய கறுப்புத் திட்டுகளைப் போடட்டும், கோட்டு நிழல் பிறகு. உருவத்தைச் சுற்றி நூல் கனத்துக்கு வெள்ளை விளிம்பு விடட்டும். இல்லையென்றால் இருட்டுச் சுவருக்கு முன் பேய் காணாமல் போய்விடும். எந்தப் பேய்க்கு அந்த விளிம்பை வேண்டுமென்றே விடாமல் இருப்பது என்பதை அவளே தீர்மானிக்கட்டும். அங்கேதான் அவள் ஓவியராகிறாள்.

டூமின் மூல நிரலை 1997 டிசம்பரில் பொதுவில் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த, இந்த வகை கேம்களை ஓட்டும் ஜிஇசட்டூம் என்ற மென்பொருள் இலவசம், அதோடு போட ஃப்ரீடூம் என்ற இலவசப் படங்கள், ஒலிகள் தொகுப்பும் உண்டு. படத்துக்குப் பெயர் வைக்கும் முறை எளிது: நாலெழுத்துப் பெயர், அப்புறம் ஃப்ரேமுக்கு, அதாவது அசைவின் ஒவ்வொரு படத்துக்கும், ஓர் எழுத்து, திசைக்கு ஓர் எண். எல்லாத் திசைக்கும் ஒரே படம் என்றால் அந்த எண் பூஜ்யம். ஃப்ரீடூமின் ஒரு பூதத்தை எடுத்துவிட்டு மகளின் பேயை அங்கே வைப்பதில் தொடங்குங்கள். வயதுக்கு ஏற்றதா என்று கேட்காமலே சொல்கிறேன்: வரைவது தாராளமாக, மற்றவர்கள் செய்த ரத்தக்களரியை விளையாடுவது அட்டையில் போட்ட வயதைப் பார்த்து.

கேள்வி: கொஞ்ச நேரம் விளையாடினாலே தலை சுற்றுகிறது.

அமைப்புகளில் நடக்கும்போது காட்சி ஆடும் வசதியை அணையுங்கள், பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். அப்படியும் சுற்றினால் விட்டுவிடுங்கள், நஷ்டமில்லை.

கேள்வி: எல்லாம் ஒரே இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டிவிட்டேன், இப்போது பயமே வரவில்லை. என்ன செய்ய?

நீங்கள் கூட்டியது வெளிச்சத்தை அல்ல, கறுப்பைச் சாம்பலாக்கிவிட்டீர்கள். சாம்பலுக்குள் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. தொடக்கத்தில் வரும் சோதனைப் படத்தில், மங்கலான சின்னம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். திரையில் விளக்கொளி பட்டுப் பிரதிபலிக்காமல் உட்காருங்கள். டிவியில் விளையாடுகிறவர் என்றால் டைனமிக் கான்ட்ராஸ்ட் என்ற ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், காட்சிக்குத் தக்கபடி அதுவாகவே வெளிச்சத்தை மாற்றிக்கொண்டிருக்கும். ஓவியர் மெனக்கெட்டு மறைத்து வைத்ததை அது காட்டிக்கொடுத்துவிடும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.