மரை பொருந்தினால் போதுமா? விமான இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் தேர்வு

கேள்வி: லைக்கமிங் ஓ-320 இன்ஜின் உள்ள சிறிய விமானம் ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து வைத்திருக்கிறோம். மரை அளவும் கேஸ்கெட் விட்டமும் ஒத்துப்போகிற கார் ஃபில்டர் மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போடலாமா? ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு, ஃபில்டரை ஒன்றுவிட்டு ஒரு முறை மாற்றினால் போதாதா?

பதில்: இரண்டும் வேண்டாம். கார் ஃபில்டர் மட்டமான பொருள் என்பதால் இதைச் சொல்லவில்லை. அது வேறு இன்ஜினுக்காகச் செய்தது, அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசத்திலிருந்து தொடங்குகிறேன். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். ஃபில்டர் காகிதத்துக்குள் அது எளிதில் புகாது. அந்த நேரத்தில் பேரிங்குகளுக்கு ஆயில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே உள்ளே விடும். அழுக்கு ஆயிலாவது போகட்டும், ஆயில் இல்லாமல் ஓடக் கூடாது என்ற கணக்கு. இந்த வால்வு சில அமைப்புகளில் ஃபில்டருக்குள்ளும், சிலவற்றில் இன்ஜின் பக்கத்திலும் இருக்கும். எந்த அழுத்த வித்தியாசத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. சீக்கிரம் திறந்தால் வடிகட்டாத ஆயில் தேவையில்லாமல் சுற்றும். தாமதமாகத் திறந்தால் காகிதம் நசுங்கும், அல்லது பேரிங் பட்டினி கிடக்கும். மரையை அளந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வெளியே தெரிகிற வித்தியாசங்களும் உண்டு. விமான ஃபில்டரின் முனையில் ரெஞ்ச் மாட்ட அறுகோணத் தலையும், ஃபில்டர் தானாகக் கழலாமல் பிடித்துவைக்கும் சேஃப்டி வயரைக் கட்ட இடமும் இருக்கும். சாதாரண கார் ஃபில்டரில் வயர் கட்ட இடம் கிடையாது. அதிர்விலேயே வாழ்கிற இன்ஜினில் ஃபில்டர் தளர்ந்தால் ஆயில் முழுவதும் வெளியே போக அதிக நேரம் ஆகாது. ஓரமாக நிறுத்திப் பார்க்க மேலே இடம் இல்லை. அதோடு, சான்றிதழ் பெற்ற விமானத்தில் அந்த இன்ஜினுக்கு அங்கீகரிக்கப்படாத பாகத்தைப் போட்டால் விமானத்தின் பறக்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும்.

ஆகவே தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாம்பியன், டெம்பெஸ்ட் போன்ற நிறுவனங்களின் ஃபில்டர்களில் 48108, 48109, 48110, 48111 என்ற எண்களைப் பார்ப்பீர்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் நீளமும் மரையும் மாறும். சிலவற்றில் மரை உள்ளே இருக்கும், சிலவற்றில் மரை போட்ட தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உங்கள் இன்ஜின் மாடலையும், ஃபில்டரை இன்ஜினோடு இணைக்கும் அடாப்டரையும் சேர்த்துப் பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள். பழைய ஃபில்டரின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். முன்பு போட்டவர் சரியாகப் போட்டார் என்பதற்கு அது சாட்சி இல்லை. நீளமான ஃபில்டர் பட்டியலில் இருந்தால், பின்னால் ஃபயர்வாலுக்கும் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பு) ஹோஸ்களுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். ரோட்டாக்ஸ் 912 என்ற வேறொரு சிறிய விமான இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். அதன் ஃபில்டர் கார் ஃபில்டர் போலவே தெரியும், ஆனாலும் ரோட்டாக்ஸ் சொல்லும் ஃபில்டரைத்தான் போட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முழு ஓட்ட ஃபில்டர் (ஆயில் முழுவதும் அதன் வழியாகப் போகும்) உள்ள இன்ஜினுக்கு 50 மணி நேரம் அல்லது 4 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறது லைக்கமிங். ஃபில்டர் இல்லாமல் வெறும் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி நேரம். பறக்காமல் நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த 4 மாதம் கணக்கில் வரும். ஆயிலில் சேரும் ஈரமும் அமிலமும் விமானம் நின்றாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். பழைய ஃபில்டரை விட்டுவைத்தால் அதற்குள் இருக்கும் அழுக்கு ஆயில் புதிய ஆயிலோடு கலக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்த முறை ஃபில்டரை வெட்டிப் பார்க்கும் வாய்ப்பை இழப்பது. என்னைக் கேட்டால், ஃபில்டருக்குக் கொடுக்கிற காசில் பாதி வடிகட்டுவதற்கு, மீதிப் பாதி உள்ளே பார்ப்பதற்கு.

வெட்ட அதற்கென்றே உள்ள உருளும் கட்டரை வாங்குங்கள். ஹேக்ஸா வேண்டாம். ரம்பத் தூள் உள்ளே விழுந்தால் எது இன்ஜினின் உலோகம், எது டப்பாவின் உலோகம் என்று தெரியாது. காகிதத்தை இரு ஓரங்களிலும் கூரான கத்தியால் அறுத்து எடுத்து, சுத்தமான வைஸில் அழுத்தி ஆயிலைப் பிழியுங்கள். அப்புறம் மடிப்பு மடிப்பாக விரித்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத செதில், கோணம் மாறும்போது மின்னும். கறுப்பாக ஏதாவது தெரிந்தால் விரலால் நசுக்குங்கள். பொடிந்து மை போல் தேய்ந்தால் அது கார்பன். நசுங்காவிட்டால் உலோகம். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தடவினால் ஒட்டிய துகள்களைப் பிறகு சுலபமாக உதிர்த்து எண்ணலாம்.

காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான செதில் என்றால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், டாப்பெட் பக்கம் சந்தேகம் போக வேண்டும். ஒட்டாமல் பொன்னிறமாக இருந்தால் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்), வால்வு கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்). ஒட்டாத வெள்ளை உலோகம் அலுமினியமாக இருக்கலாம். அது பிஸ்டன் அல்லது பிஸ்டன் பின்னின் முனையில் உள்ள பிளக்கிலிருந்து வரும். புதிய இன்ஜினிலோ சிலிண்டர் மாற்றிய பிறகோ முதல் ஃபில்டரில் மயிர் போன்ற மெல்லிய துகள் சில இருப்பது வழக்கம்தான். பென்சில் முனை உடைந்து விழுந்த அளவுக்குத் துண்டு இருந்தால் அந்த விமானம் பறக்கக் கூடாது, மெக்கானிக் பார்த்தே ஆக வேண்டும். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புகிறோமே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். ஆய்வகம் எண்ணுவது சில மைக்ரான் அளவுள்ள துகள்களை. கண்ணுக்குத் தெரிகிற செதில் அந்த அறிக்கையில் வராமலே போகலாம். இரண்டும் வேண்டும்.

மாட்டும்போது முதலில் பழைய கேஸ்கெட் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதையும் வைத்து முறுக்கினால் பறக்கும்போது ஆயில் பீய்ச்சும். புதிய கேஸ்கெட்டில் ஃபில்டர் குறிப்பில் சொல்லும் மசகைத் தடவுங்கள். சாம்பியன் ஃபில்டருக்கு அது டிசி-4. முறுக்கும் அளவு டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும், பொதுவாக 16 முதல் 18 அடி-பவுண்டு. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை உணர்வில் முறுக்காதீர்கள். ரோட்டாக்ஸ் மட்டும் வேறு முறை. கேஸ்கெட் தொட்டதும் கையால் முக்கால் சுற்று, அவ்வளவுதான். கீழே விழுந்து அமுங்கிய ஃபில்டரைக் குப்பையில் போடுங்கள்.

சேஃப்டி வயர் இறுகும் திசையில் இழுக்கிற மாதிரி கட்ட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, அரை நிமிடத்துக்குள் ஆயில் அழுத்தம் வராவிட்டால் உடனே அணையுங்கள். வந்தால் ஓரிரு நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு, டார்ச் அடித்து ஃபில்டரின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் பாருங்கள். ஃபில்டர் போட்ட விமானங்களில் பலர் மறந்துவிடுவது சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள உறிஞ்சு சல்லடையை. பெரிய துண்டுகள் முதலில் சிக்குவது அங்கேதான். அதையும் ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இந்த வேலையை உரிமையாளரே செய்யலாமா, உரிமம் பெற்ற மெக்கானிக்தான் செய்ய வேண்டுமா என்பது உங்கள் விமானம் பதிவான நாட்டின் விதியைப் பொறுத்தது. யார் செய்தாலும் மணிக்கணக்கு, ஃபில்டர் எண், உள்ளே கண்டது மூன்றையும் பதிவேட்டில் எழுதி, விரித்த காகிதத்தைத் தேதியிட்ட பையில் அடுத்த முறை வரை வைத்திருங்கள். மூவர் சேர்ந்து வைத்திருக்கும் விமானம் என்பதால் இது இன்னும் முக்கியம். போன முறை எத்தனை துகள் இருந்தது என்று நினைவிலிருந்து சொன்னால் மூவரும் மூன்று எண் சொல்வீர்கள்.