41 வயதில் வேலையை விட்டு முழுநேர எம்பிஏ: ஒரு நாள் எப்படிப் போகும், வீட்டில் சமாளிக்க முடியுமா?

சமாளிக்கலாம். ஆனால் நீங்கள் கவலைப்படும் இடம் வேறு, இடிக்கும் இடம் வேறு. 'இந்த வயதில் பாடம் மண்டையில் ஏறுமா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும். பதினைந்து வருடம் வேலை பார்த்தவருக்கு வகுப்பில் உட்காருவது பாரமே இல்லை. மாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடைப்பட்ட நேரம்தான் பிள்ளைகுட்டிக்காரர்களைக் கவிழ்க்கிறது.

சிங்கப்பூரில் பொங்கோலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மனைவி வேலைக்குப் போகிறார், மூத்தவன் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 6 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். பகுதிநேரமாகப் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். அந்தக் கஷ்டம் வேறு, அதைக் குறைத்துப் பேசவில்லை.

ஒன் நார்த்தில் இருக்கும் இன்சியாட் வணிகக் கல்லூரியில் படிப்பு 10 மாதம். தலா இரண்டு மாத அளவில் ஐந்து பருவம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 12 மாதம். பருவம் இவ்வளவு குறுகலாக இருந்தால் ஒரு வாரக் காய்ச்சல்கூட பாடத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பயண நேரத்தையும் இப்போதே கணக்குப் போடுங்கள். பொங்கோலிலிருந்து நன்யாங்குக்கு ரயிலில் பூன் லே வரை போய், அங்கிருந்து 179 பேருந்து. போகவர மூன்று மணி நேரம் வரை ஆகும்.

காலை 8.30 அல்லது 9 மணிக்கு முதல் வகுப்பு. ஒன்றரை மணி நேர வகுப்புகள் நாளுக்கு மூன்று. 4 மணி வாக்கில் முடியும். அதன்பின் குழு வேலை. மறுநாளுக்கு இரண்டு கேஸ் படிக்க வேண்டும். ஒரு கேஸ் என்பது ஏதோ ஒரு நிறுவனத்தின் கதை. 15, 20 பக்கம், கடைசி ஐந்தாறு பக்கம் அட்டவணைகள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிப்பவர் மூன்று மணி நேரம் செலவழித்துவிட்டு, மறுநாள் ஆசிரியர் 'நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று திடீரென்று கேட்கும்போது திகைத்து நிற்பார். கதை தெரியும், முடிவு இருக்காது.

முதல் பத்து நிமிடத்தில் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுத்தலைப்புகள் மட்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு நேராக அட்டவணைக்குப் போங்கள். எந்த எண் வருடாவருடம் ஏறுகிறது, எது அதோடு சேர்ந்து ஏறவில்லை? விற்பனை இரட்டிப்பாகி, கையிருப்புச் சரக்கு மூன்று மடங்காகியிருந்தால் கதையின் முடிச்சு அங்கேதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை 40 நிமிடத்தில் படிக்கலாம். கடைசியாக அரைத்தாளில் என் முடிவு, அதைத் தாங்கும் மூன்று எண்கள், அதற்கு வரக்கூடிய வலுவான எதிர்வாதம் ஒன்று. வகுப்புக்கு அந்த அரைத்தாள் போதும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். முதல் மாதம் இரண்டாகும், பரவாயில்லை.

மென்பொருள் துறையிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது கணக்கியலில், அதிலும் கையில் உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, போனது என்று காட்டும் பணவோட்ட அறிக்கையில். தேக்காவில் உணவகங்களுக்குக் கடனுக்குச் சரக்குப் போடும் மளிகை மொத்த வியாபாரி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு லாபம் 1,00,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தேய்மானம் 20,000, அதாவது வண்டி, பொருள் பழசாவதற்குக் கணக்கில் மட்டும் எழுதுவது. அது கையை விட்டுப் போகாத செலவு, திரும்பக் கூட்டுங்கள். வாடிக்கையாளர் பாக்கி 60,000 கூடியிருக்கிறது, கழியுங்கள். கிடங்குச் சரக்கு 40,000 கூடியிருக்கிறது, அதையும் கழியுங்கள். அவர் தன் சப்ளையருக்குத் தரவேண்டிய பாக்கி 10,000 கூடியிருக்கிறது, கூட்டுங்கள். கையில் வந்தது 30,000 வெள்ளி. லாபம் லட்சம் இருந்தும் சம்பளம் கொடுக்கத் திணறுவது இதனால்தான். 'பாக்கி வரவேண்டியது நம் சொத்துதானே' என்று அந்த 60,000ஐக் கூட்டிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நிதிப் பாடத்தில் இன்னொன்று: எக்செலின் என்பிவி சூத்திரம் (வருங்கால வரவுகளின் இன்றைய நிகர மதிப்பைக் கணிப்பது) நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டை அடைப்புக்குறிக்கு வெளியே வைத்துக் கழியுங்கள். உள்ளே போட்டால் விடை பார்க்கச் சரியாகவே தெரியும், அதுதான் ஆபத்து.

இனி அந்த மாலை நேரம். குழுவில் ஐந்தாறு பேர், பெரும்பாலும் முப்பதுக்குக் கீழே. இரவு 7 மணிக்குக் கூடுவது அவர்களுக்கு இயல்பு. முதல் வாரமே, இன்னும் யாருக்கும் பழக்கம் படியாதபோதே, 4.15 முதல் 5.45 வரைதான் நேரில் கூடுவது என்று பேசி வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் போட்டுவிடுங்கள். அதற்கு ஈடாக இறுதித் தொகுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தூங்கிய பின் 9.30க்கு உட்கார்ந்து செய்கிற வேலை அது. நள்ளிரவு கெடு என்றால் இரவு 9 மணிக்குப் பிறகு உங்களைத் தவிர வேறு யாரும் கோப்பில் கைவைக்கக் கூடாது. ஒரே கோப்பை நான்கு பேர் நான்கு பெயரில் சேமித்து, பழையதை அனுப்பிவிட்டு மறுநாள் ஒருவரையொருவர் பழிப்பது எல்லாக் குழுவிலும் ஒருமுறையாவது நடக்கும்.

பணம். சேமிப்பை எண்ணியிருப்பீர்கள், இரண்டு இடம் விட்டுப்போயிருக்கும். ஒன்று, சம்பளம் நின்றால் மசேநி (மத்திய சேம நிதி) வரவும் நிற்கும். உங்கள் வயதில் சம்பளத்தில் 21 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்கடன் அதிலிருந்து கழிகிறது என்றால் மாதத் தவணையை 15ஆல் பெருக்கி, அவ்வளவு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பு 12 மாதம், வேலை கிடைக்க மேலும் மூன்று. 1,500 வெள்ளித் தவணைக்கு 22,500. தீர்ந்துபோனால் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இரண்டு, வருமான வரி. இந்த ஆண்டு சம்பாதித்ததற்கு அடுத்த ஆண்டுதான் வரி கட்டச் சொல்லி அறிவிப்பு வரும், அப்போது சம்பளம் இருக்காது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் 12 மாதத் தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம். நீங்கள் சிங்கப்பூரர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் வேலை அட்டையில் இருக்கும் வெளிநாட்டவர்களுக்குக் கதையே வேறு. அட்டை ரத்தானால் துணைவியின், பிள்ளைகளின் சார்ந்தோர் அட்டையும் ரத்தாகும்.

மூத்தவனின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுத்துத்தாள்கள் செப்டம்பர் கடைசியில் தொடங்கும். கல்லூரியில் கல்வி நாட்காட்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் பருவத் தேர்வு அதே வாரத்தில் விழுகிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள். விழுந்தால் ஓராண்டு தள்ளிப்போடுவதே என் யோசனை. மதிப்பெண் போனாலும் போகட்டும், அந்த வாரம் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பல காலமாக உறுத்துவது. விண்ணப்பத்தில் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். தமிழர்களுக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரைப் போடுவோம். உங்கள் பெயர் குமார், அப்பா ராமசாமி என்றால் வகுப்பில் உங்கள் முன் வைக்கும் பெயர் அட்டையில் கொட்டை எழுத்தில் ராமசாமி என்று வந்து நிற்கும். ஆண்டு முழுக்க ஆசிரியர் உங்கள் அப்பாவை அழைத்துக்கொண்டிருப்பார். அப்பா பெயர்மேல் மரியாதை இல்லாமல் சொல்லவில்லை. 41 வயதில் தன் உழைப்பில் படிக்க வந்தவர் தன் பெயரால் அழைக்கப்பட வேண்டும். வகுப்பில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு; அதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள், ஒரே வகுப்பில் இரண்டு ராமசாமி இருந்தால் உங்களுடையது அடுத்தவர் கணக்கில் ஏறும். சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே கல்லூரி அலுவலகத்துக்கு எழுதி, அட்டையிலும் இணைய வகுப்புக் கணக்கிலும் மின்னஞ்சலிலும் 'குமார்' என்றே இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அட்டை அச்சானபின் மாற்றவைப்பது பெரும்பாடு.